ரத்தம் வேண்டாம் என்பவருக்கும் மருத்துவம் உண்டு

கல்லீரலில் கட்டி வந்த ஒரு ஜப்பானியப் பெண்மணி 1992இல் மருத்துவமனை தேடி அலைந்தார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது. யெகோவாவின் சாட்சிகள் என்னும் கிறித்தவப் பிரிவில் பல ஆண்டுகளாக இருந்தவர். உயிரே போவதானாலும் தமக்கு ரத்தம் ஏற்றக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். முதலில் பார்த்த மருத்துவமனை, ரத்தம் இல்லாமல் இந்த அறுவையைச் செய்ய முடியாது என்று கைவிரித்தது. ரத்தம் ஏற்றாமல் அறுவை செய்வதில் பெயரெடுத்திருந்த டோக்கியோ பல்கலைக்கழக மருத்துவ அறிவியல் நிறுவனத்தின் மருத்துவமனைக்குப் போனார். அங்கே சேர்த்துக்கொண்டார்கள். ரத்தம் ஏற்றாததால் என்ன நேர்ந்தாலும் மருத்துவர்களைக் குற்றம் சொல்ல மாட்டோம் என்று குடும்பத்தார் எழுதிக் கொடுத்தார்கள். செப்டம்பரில் அறுவை நடந்தது. கட்டியை எடுக்கும்போது இரண்டு லிட்டருக்கு மேல் ரத்தம் போயிற்று. ரத்தம் ஏற்றிவிட்டார்கள்.

அந்த மருத்துவமனைக்கு உள்ளுக்குள் ஒரு கொள்கை இருந்தது. நோயாளியின் மறுப்பை முடிந்தவரை மதிப்பது. ரத்தம் தவிர வேறு வழியில்லை என்ற நிலை வந்தால் அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் ஏற்றிவிடுவது. இந்தக் கொள்கையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. நடந்தது பின்னால்தான் தெரிய வந்தது. வழக்குப் போட்டார். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1997இல் இறந்துபோனார். வாரிசுகள் வழக்கை விடவில்லை. 2000 பிப்ரவரி 29 அன்று ஜப்பான் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இழப்பீடு 5,50,000 யென்.

தொகை சிறியதுதான். ஆனால் நீதிமன்றம் குறையைச் சரியான இடத்தில் கண்டது. நோயாளியைக் காப்பாற்ற முயன்றது மருத்துவரின் கடமை என்பதை அது மறுக்கவில்லை. எங்கள் கொள்கை இது, நெருக்கடி வந்தால் ஏற்றிவிடுவோம் என்று முன்பே சொல்லியிருந்தால், இங்கே அறுவை செய்துகொள்வதா வேண்டாமா என்று அந்தப் பெண்மணி முடிவெடுத்திருப்பார். சொல்லாமல் இருந்ததால் அந்த முடிவு அவர் கையிலிருந்து பறிக்கப்பட்டது. மருத்துவர்கள் செய்த தவறு அந்த மௌனம்தான் என்றது தீர்ப்பு.

ரத்த மறுப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால் பேச்சு உடனே அறுவை அரங்குக்குள் போய் நின்றுவிடுகிறது. நோயாளி செத்துக்கொண்டிருக்கிறார், ரத்தப் பை பக்கத்திலேயே இருக்கிறது, மருத்துவர் என்ன செய்ய வேண்டும்? கேள்வி உண்மையானதுதான். ஆனால் அந்த நிமிடத்தில் எந்த விடையும் நல்ல விடையாக இருக்காது. இந்த நோயாளிகளின் உயிரும் அவர்கள் மனச்சாட்சியும் காக்கப்படுவது அதற்கு முந்தைய வாரங்களில். வெளிநோயாளர் பிரிவில், ஆய்வகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு நடக்கும் ஒரு உரையாடலில்.

யெகோவாவின் சாட்சிகளை நம் ஊர்களிலும் தெரியும். ‘காவற்கோபுரம்’, ‘விழித்தெழு!’ இதழ்களோடு வீடுவீடாக வந்து கதவைத் தட்டுபவர்கள். 1870களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் சார்லஸ் டேஸ் ரஸல் தொடங்கிய விவிலிய ஆய்வுக் குழுவிலிருந்து வளர்ந்தது இந்த இயக்கம். இன்றைய பெயர் 1931இல் வந்தது. ரத்த மறுப்பு தொடக்கத்திலிருந்தே இருந்ததல்ல. ‘காவற்கோபுரம்’ இதழ் அதை 1945இல்தான் தெளிவாக அறிவித்தது. 1961இல், ரத்தம் ஏற்றிக்கொண்டு அதற்காக வருந்தாதவரைச் சபையிலிருந்து விலக்கலாம் என்றானது. 2000இல் அந்த நிலை சொல்லளவில் மாறியது. மனமறிந்து ஏற்றிக்கொண்டவர் தாமாகவே சபையை விட்டு விலகியவராகக் கருதப்படுவார் என்றார்கள். குடும்பமும் நட்பும் முழுக்கச் சபைக்குள்ளேயே இருக்கும் ஒருவருக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆதியாகமத்தின் 9ஆம் அதிகாரம், லேவியராகமத்தின் 17ஆம் அதிகாரம், அப்போஸ்தலர் நடபடிகளின் 15ஆம் அதிகாரம் ஆகியவை அவர்களுக்கு ஆதாரம். இவற்றில் ரத்தத்தை விலக்கச் சொல்லும் கட்டளைகள் இருக்கின்றன. யூதர்களும் மற்றக் கிறித்தவர்களும் இவற்றை உணவைப் பற்றிய விதிகளாகவே படிக்கிறார்கள். நரம்பு வழியாக ஏறும் ரத்தத்துக்கும் இவை பொருந்தும் என்பது சாட்சிகளின் வாசிப்பு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் என் உடன்பாடு இங்கே யாருக்கும் தேவைப்படவில்லை. தமக்கு நித்திய வாழ்வு இருக்கிறது என்றும், இந்த ஒரு செயலால் அதை இழந்துவிடுவோம் என்றும் மனமார நம்புகிற ஒருவருக்கு, ரத்தத்தோடு கிடைக்கும் இருபது ஆண்டு வாழ்வு லாபமாகத் தெரியாது. இதைப் புரிந்துகொள்ளாத மருத்துவர் அவரிடம் திரும்பத் திரும்ப மரண பயத்தையே காட்டிக்கொண்டிருப்பார்.

இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். மருந்தையே தொடமாட்டோம், ஜெபம் போதும் என்னும் சபைகள் நம்மிடையே உண்டு. சாட்சிகள் அப்படியில்லை. மாத்திரை, ஊசி, அறுவை, மயக்க மருந்து எல்லாவற்றையும் ஏற்கிறார்கள். நல்ல மருத்துவரைத் தேடி ஊர் ஊராகப் போகிறார்கள். அவர்கள் விலக்குவது முழு ரத்தத்தையும் அதன் நான்கு முதன்மைக் கூறுகளையும்: சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு, பிளாஸ்மா. அந்தக் கூறுகளிலிருந்து பிரித்தெடுக்கும் ஆல்புமின், இம்யூனோகுளோபுலின், ரத்தம் உறையவைக்கும் காரணிகள் போன்றவை அவரவர் மனச்சாட்சிக்கு விடப்பட்டிருக்கின்றன. ஒருவர் ஏற்பார், அவருடைய தங்கை மறுப்பார். டயாலிசிஸ் இயந்திரம், இதய-நுரையீரல் இயந்திரம், அறுவையில் சிந்தும் ரத்தத்தைச் சேகரித்துக் கழுவித் திருப்பிச் செலுத்தும் கருவி ஆகியவற்றிலும் அப்படித்தான். ரத்தம் உடலோடு தொடர்பு அறாமல் ஒரே சுற்றாக ஓடுகிறது என்றால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே தன் ரத்தத்தைத் தானே எடுத்துச் சேமித்துவைக்கும் முறையைப் பல பத்தாண்டுகள் இயக்கம் ஏற்காமல் இருந்தது.

ஆகவே ‘இவர் சாட்சி, ரத்தம் கிடையாது’ என்று நோயாளிக் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதி மூடிவைப்பது கவனிப்பே அல்ல. ஆல்புமின் ஏற்பீர்களா, சேகரித்த உங்கள் ரத்தத்தை ஏற்பீர்களா, உறைதல் காரணிகளை ஏற்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதி, நோயாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இங்கிலாந்தின் அரச அறுவை மருத்துவர் கல்லூரி 2016இல் வெளியிட்ட வழிகாட்டி இந்த உரையாடலைத்தான் மையமாக வைக்கிறது.

அந்த உரையாடல் தனியாக நடக்க வேண்டும். கணவனோ தாயோ சபை மூப்பரோ அறையில் இருக்கக் கூடாது. 1992இல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு இதற்குப் பாடம். இருபது வயதுக் கர்ப்பிணி, எட்டாம் மாதம், சாலை விபத்து. அவர் சபையின் உறுப்பினர் அல்ல. தாய்தான் தீவிர விசுவாசி. மருத்துவமனையில் தாயோடு தனித்திருந்த சற்று நேரத்துக்குப் பிறகு அந்தப் பெண் ரத்தம் வேண்டாம் என்றார். மறுப்புப் படிவத்தில் கையெழுத்தும் போட்டார். அதில் என்ன இருக்கிறது என்று யாரும் அவருக்கு விளக்கவில்லை. பின்பு நிலைமை மோசமாகி நினைவிழந்தார். தெளிந்த மனமுள்ள வயதுவந்த ஒருவர் எந்தக் காரணத்துக்காகவும், காரணமே இல்லாமலும் சிகிச்சையை மறுக்கலாம் என்ற உரிமையை நீதிபதிகள் உறுதிசெய்தார்கள். ஆனால் இந்த மறுப்பு அந்தப் பெண்ணுடைய சொந்த முடிவு அல்ல என்று கண்டு, ரத்தம் ஏற்றியது சரி என்றார்கள். இரண்டையும் ஒரே தீர்ப்பில் சொன்னதுதான் அதன் சிறப்பு. மறுப்பை மதிக்க வேண்டுமானால், அது யாருடைய மறுப்பு என்று முதலில் தெரிய வேண்டும்.

மருத்துவத்தின் பக்கத்துக்கு வருவோம். ஹூஸ்டன் நகரத்து இதய அறுவை மருத்துவர் டென்டன் கூலி, 1960களின் தொடக்கத்தில் சாட்சிகளுக்குத் திறந்த இதய அறுவை செய்யத் தொடங்கினார். இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை அடுத்தவர் ரத்தத்தால் நிரப்பியே அந்நாளில் பெரும்பாலும் அறுவையைத் தொடங்குவார்கள். கூலியின் குழு குளுக்கோஸ் கரைசலால் நிரப்பியது. தம் அனுபவத்தை 1977இல் சக மருத்துவர் டேவிட் ஆட்டும் கூலியும் சேர்ந்து வெளியிட்டார்கள்: 542 அறுவைகள், ஒன்றிலும் ரத்தம் ஏற்றவில்லை. முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 9.4 விழுக்காடு. ரத்தசோகை 12 சாவுகளில் ஒரு காரணமாக இருந்தது. ரத்த இழப்பே நேரடிக் காரணமான சாவுகள் 3. நூற்றுக்கணக்கான இதய அறுவைகளில் மூன்று என்ற அந்த எண்ணைப் படித்த மருத்துவ உலகம் தன் வழக்கங்களைத் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கப் பல ஆண்டுகள் ஆயின.

வழக்கம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. 1942இல் ஆடம்ஸ், லண்டி என்ற இரண்டு மருத்துவர்கள், அறுவைக்கு முன் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு 10 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தம் ஏற்றுவது நல்லது என்று எழுதினார்கள். அது அனுபவத்தின் பேரில் சொன்ன யோசனை. ஒப்பிட்டுச் சோதித்துக் கண்டதல்ல. அந்தப் ‘பத்து’ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உலகம் முழுவதும் விதியாக நின்றது. 1980களில் ரத்தத்தின் வழியே எய்ட்ஸ் பரவுவது தெரிந்த பிறகுதான், ஒவ்வொரு பையும் உண்மையிலேயே தேவைதானா என்ற கேள்வி எல்லா மருத்துவமனைகளிலும் எழுந்தது. கனடாவில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 838 பேரை இரண்டாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒரு பிரிவினருக்கு ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனாலே ரத்தம். மற்றவர்களுக்கு 7க்குக் கீழே போனால்தான். 1999இல் முடிவு வெளியானது. தாராளமாக ரத்தம் பெற்றவர்களில் முப்பது நாளில் இறந்தவர்கள் 23.3 விழுக்காடு, சிக்கனமாகப் பெற்றவர்களில் 18.7. இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனால் தாராளம் நன்மை செய்யவில்லை என்பது உறுதியானது.

குறைந்த ரத்தத்தோடு உடல் எப்படிச் சமாளிக்கிறது? ஓய்வாக இருக்கும் உடலுக்கு ரத்தம் கொண்டுசேர்க்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய கால் பங்கைத்தான் உடல் எடுத்துக்கொள்கிறது. மீதி அப்படியே திரும்பி வருகிறது. ஹீமோகுளோபின் குறையும்போது இதயம் கூடுதலாக இறைக்கிறது, திசுக்கள் வழக்கத்தைவிட அதிகப் பங்கை உறிஞ்சிக்கொள்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் இட்டே போரமா என்ற அறுவை மருத்துவர் 1960இல் ஒரு சோதனை செய்தார். இளம் பன்றிகளின் ரத்தத்தில் ஏறக்குறைய முழுவதையும் வடித்துவிட்டு, சிவப்பணு இல்லாத திரவத்தை நிரப்பி, மூன்று மடங்கு காற்றழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்க வைத்தார். அவை உயிரோடு இருந்தன. அந்த அழுத்தத்தில் திரவத்திலேயே கரையும் ஆக்சிஜன் போதுமானதாக இருந்தது. நடைமுறைச் சிகிச்சைக்கு இது எட்டாத தூரம். ஆனாலும் உயிருக்குத் தேவைப்படுவது ஆக்சிஜன், ரத்தம் அதைச் சுமந்து செல்லும் ஊர்தி என்பதை இது காட்டியது. அப்படியானால் கைவசம் உள்ள ரத்தத்தைப் பெருக்குவது, சிந்தாமல் காப்பது, உடலின் ஆக்சிஜன் தேவையைக் குறைப்பது என்று மூன்று வழிகள் திறக்கின்றன.

பெருக்கும் வேலை அறுவைக்கு நான்கைந்து வாரம் முன்பே தொடங்க வேண்டும். இரும்புச்சத்து குறைவா, பி12 குறைவா, ஃபோலிக் அமிலம் குறைவா என்று பார்த்து ஈடுகட்ட வேண்டும். மாத்திரை போதாவிட்டால் இரும்பை நரம்பு வழியாகச் செலுத்தலாம். எலும்பு மஜ்ஜையைத் தூண்ட எரித்ரோபொய்டின் ஊசி போடலாம். அதன் சில தயாரிப்புகளில் ஆல்புமின் கலந்திருக்கும் என்பதால் அதையும் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும். ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை உரிய நாளில் நிறுத்த வேண்டும். ஹீமோகுளோபின் 9இல் இருக்கும் ஒருவரை 13க்குக் கொண்டுவந்துவிட்டால் அறுவையின் கணக்கே மாறிவிடுகிறது.

சிந்தாமல் காப்பது அறுவை மருத்துவரின் கைத்திறமும் மயக்கவியல் மருத்துவரின் கவனமும் சேர்ந்த வேலை. உடல் குளிர்ந்தால் ரத்தம் எளிதில் உறையாது. ஆகவே உடலைச் சூடாக வைத்திருக்க வேண்டும். பெரிய அறுவையை இரண்டு மூன்று கட்டமாகப் பிரிக்கலாம். ரத்தம் கசியும் நாளத்தைக் கதிரியக்கப் பிரிவிலேயே குழாய் செலுத்தி அடைக்கலாம். மிக எளிய ஒன்றும் உண்டு: தீவிர சிகிச்சையில் இருப்பவரிடமிருந்து சோதனைக்கென்று எடுக்கும் ரத்தமே ஒரு நாளைக்கு 40 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடும். குழந்தைகளுக்கு வைத்திருக்கும் சின்னக் குழாய்களில் எடுத்தால், தேவையற்ற சோதனைகளை விட்டால், அந்த இழப்பில் பெரும்பகுதி நின்றுவிடும். ரத்தம் மறுக்கும் நோயாளிக்காக இதைச் செய்யப் பழகியவர்கள், ஏன் எல்லாருக்கும் செய்யக் கூடாது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

டிரானெக்சாமிக் அமிலத்தைக் குறிப்பிடாமல் இந்தப் பகுதியை முடிக்க முடியாது. ஜப்பானிய ஆராய்ச்சியாளர்களான உதாகோ ஒகாமோதோவும் அவர் கணவர் ஷோசுகேயும் 1960களின் தொடக்கத்தில் இதை உலகுக்குக் கொடுத்தார்கள். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில் சாகும் பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது உதாகோவின் நோக்கம். 21 நாடுகளில் 20,060 பெண்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017இல் வந்தது: குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்துக்குள் இந்த ஊசியைப் போட்டால், ரத்தப்போக்கால் நேரும் சாவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. விலை மலிவான மருந்து. உதாகோ அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார்.

ரத்தம் சேமிக்கும் இந்த முறைகள் எல்லாம் சேர்ந்து இன்று ஒரு தனித் துறை ஆகிவிட்டன. மேற்கு ஆஸ்திரேலியா 2008இல் அவற்றை அரசுத் திட்டமாக்கியது. அங்குள்ள நான்கு பெரிய மருத்துவமனைகளின் 6,05,046 நோயாளிகளின் பதிவுகள் 2017இல் வெளியாயின. ரத்தப் பயன்பாடு 41 விழுக்காடு குறைந்தது; மருத்துவமனைச் சாவுகளும் குறைந்திருந்தன. இதன் முன்னோடி அனுபவத்தில் கணிசமான பகுதி, ரத்தத்தை மறுத்த நோயாளிகளின் உடலில் கற்றதுதான். அவர்களில் சிலர் உயிரைக் கொடுத்துக் கற்பித்தார்கள்.

இங்கே நிதானம் தேவை. கிளீவ்லாந்து கிளினிக்கில் இதய அறுவை செய்துகொண்ட சாட்சிகள் 322 பேரை, ரத்தம் ஏற்றிக்கொண்ட அதே வகை நோயாளிகளோடு ஒப்பிட்டு 2012இல் வெளியான ஆய்வில், ஓராண்டு உயிர்வாழ்ந்தவர்கள் சாட்சிகளில் 95 விழுக்காடு, மற்றவர்களில் 89. இதைக் கையில் பிடித்துக்கொண்டு ரத்தமே தேவையில்லை என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. அறுவைக்குத் தகுதியானவர்கள் என்று தேர்ந்து, வாரக்கணக்கில் தயார்செய்து மேசைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் அந்த 322 பேர். அரங்குக்கே வர முடியாதவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

எல்லை எங்கே இருக்கிறது என்பதை மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி கார்சனின் குழு 2002இல் காட்டியது. ரத்தம் மறுத்து, அறுவைக்குப் பின் ஹீமோகுளோபின் 8க்கோ அதற்குக் கீழோ வந்துவிட்ட 300 பேர். 7.1க்கும் 8க்கும் இடையில் இருந்தவர்களில் ஒருவரும் இறக்கவில்லை. 4.1க்கும் 5க்கும் இடையில் வந்துவிட்டவர்களில் 34.4 விழுக்காட்டினர் இறந்தார்கள். 8க்குக் கீழே ஒவ்வொரு கிராம் குறையும்போதும் சாவின் வாய்ப்பு இரண்டரை மடங்கு கூடியது. மறுப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவதற்கு முன் நோயாளிக்குத் தெரிய வேண்டிய எண்கள் இவை. ‘ஆபத்து இருக்கிறது’ என்று பொதுவாகச் சொல்வது போதாது.

பிரசவம் இன்னும் கடுமை. ஒரு நிமிடத்தில் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் பாயும் கர்ப்பப்பையில், எத்தனை வாரம் தயார்செய்திருந்தாலும் சில நிமிடங்களில் எல்லாம் கைமீறிப் போகலாம். நெதர்லாந்தில் 1983 முதல் 2006 வரையிலான தாய்மார் சாவுகளை ஆராய்ந்தபோது, சாட்சிகளான பெண்களுக்குப் பிரசவச் சாவின் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு, பெரும் ரத்தப்போக்கால் சாகும் அபாயம் 130 மடங்கு என்று தெரிந்தது. இவ்வளவு வசதியுள்ள நாட்டில். கர்ப்பப்பையை எடுத்துவிடுவதா என்ற முடிவை மற்றவர்களுக்குச் சற்றுத் தள்ளிப்போடலாம். இவர்களுக்கு உடனே எடுத்தாக வேண்டும். அந்தச் சாத்தியத்தையும் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களிலேயே பேசிவிடுவது நல்லது. ரத்தப் பை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, ஓர் இளந்தாய் கண்ணெதிரே வெளிறி அடங்குவதைப் பார்த்து நின்ற மருத்துவர்களும் செவிலியர்களும் அதை வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள். அவர்களுக்கும் ஆறுதலும் பேச இடமும் வேண்டும். நம் மருத்துவமனைகள் அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

தெளிந்த மனமுள்ளவரின் மறுப்பை மதிக்கும் இடத்துக்குச் சட்டம் வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1963இல் வாஷிங்டனில் குடற்புண் வெடித்து உடலின் மூன்றில் இரண்டு பங்கு ரத்தத்தை இழந்த, 25 வயதுத் தாய்க்கு ரத்தம் ஏற்ற நீதிபதி ஸ்கெல்லி ரைட் ஆணையிட்டார். மருத்துவமனைக்கே போய் அந்தத் தம்பதியைப் பார்த்தார். நீதிமன்றமே உத்தரவிட்டால் பொறுப்பு தம்முடையதல்ல என்று கணவர் சொன்னார். ஏழு மாதக் குழந்தை தாயில்லாமல் போகக் கூடாது என்பதும் நீதிபதியின் காரணங்களில் ஒன்று. நோயாளியை விடத் தனக்கு நன்மை தெரியும் என்று நீதிமன்றம் நம்பிய காலம் அது. கனடாவின் ஒன்டாரியோவில் 1979இல் கார் விபத்தில் நினைவிழந்த ஒரு பெண்மணியின் கைப்பையில் ரத்தம் வேண்டாம் என்ற அட்டை இருந்தது. மருத்துவர் அதைப் பார்த்தும் ரத்தம் ஏற்றினார், அவர் பிழைத்தார், வழக்குப் போட்டார். மருத்துவர் 20,000 டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பை 1990இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. 2024 செப்டம்பர் 17 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு, ஸ்பெயினில் நடந்த ஒரு நிகழ்வில் ஒருமனதாகத் தீர்ப்புச் சொன்னது. ரத்தப்போக்கோடு மாட்ரிட்டுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுவரப்பட்ட பெண் முறைப்படி எழுதிப் பதிந்துவைத்த மறுப்பு இருந்தது. அது தெரியாத நீதிபதி ஒருவர், மருத்துவமனை அனுப்பிய அரைகுறைத் தகவலை வைத்துச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தார். அந்தப் பெண் அப்போது நினைவோடுதான் இருந்தார். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவருக்கு ஸ்பெயின் 12,000 யூரோ தர வேண்டும் என்றது தீர்ப்பு.

குழந்தைகள் விஷயத்தில் நீதிமன்றங்கள் அசையவில்லை, அசையவும் கூடாது. பெற்றோர் தம் நம்பிக்கைக்காகத் தாங்கள் சாகலாம், பிள்ளையைச் சாகவிட முடியாது என்ற கொள்கையின் வேர், சாட்சிகளின் குழந்தை ஒன்று தெருவில் இதழ் விற்றது பற்றிய 1944ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. சிக்கல், வயது கூடக்கூடத்தான். 1990இல் இங்கிலாந்தில் ரத்தப் புற்றுநோய் வந்த, பதினாறு நிறையாத ஒரு பையன் ரத்தத்தை மறுத்தான். நீதிமன்றம் ஏற்றச் சொன்னது. பதினெட்டு வயது ஆனதும் அவன் மீண்டும் மறுத்தான், இறந்துபோனான். எத்தனை முறை யோசித்தாலும் அந்த நீதிபதி வேறு விதமாகத் தீர்ப்புச் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பதினைந்து வயதில் தன் உலகம் முழுவதும் ஒரே சபையாக இருந்தவனுக்கு இன்னும் இரண்டு ஆண்டு யோசிக்கக் கிடைத்தது. கனடா உச்ச நீதிமன்றமும் 2009இல், 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில், ரத்தம் ஏற்ற இட்ட உத்தரவை ஏற்றது. ஆனால் பிள்ளையின் முதிர்ச்சி கூடும் அளவுக்கு அதன் சொல்லுக்கும் எடை கூட வேண்டும் என்று சேர்த்துச் சொன்னது.

இந்தியாவில் சாட்சிகள் என்றதும் சட்ட மாணவர்களுக்கு நினைவு வருவது கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் எழுந்து நின்ற மூன்று பள்ளிப் பிள்ளைகளின் வழக்கு. 1986இல் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு அவர்களைப் பள்ளியில் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஒரு நம்பிக்கை நமக்கு விநோதமாகப் படுகிறதா என்பது கேள்வியல்ல, அது மனமார்ந்ததா என்பதே கேள்வி என்பது அதன் சாரம். 2008இல் வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளியின் உண்மையான ஒப்புதல் இல்லாமல் மருத்துவர் கூடுதலாக எதையும் செய்யக் கூடாது, அவசர நிலை மட்டுமே விலக்கு என்றது. 2018இல் முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணத்தை அது ஏற்றது, ஆனால் அது மீளாத இறுதி நிலை நோயாளிகளைப் பற்றியது. பிழைக்கக்கூடிய ஒருவர் சட்டைப் பையில் வைத்திருக்கும் ரத்த மறுப்பு அட்டைக்கு அது நேராகப் பொருந்தாது. இந்த இடைவெளியில் நம் மருத்துவர் தனியாக நிற்கிறார். ரத்தம் ஏற்றாமல் நோயாளி இறந்தால் உறவினர் கூட்டமும் காவல் நிலையமும், ஏற்றினால் வழக்கும் வரலாம் என்ற அச்சத்தில், கதவையே சாத்திவிடுவது அவருக்கு எளிதாகிவிடுகிறது. ‘வேறு இடம் பாருங்கள்’ என்ற சொல்லோடு நோயாளி ஊர் ஊராக அலையும் ஒவ்வொரு நாளும் அவருடைய ஹீமோகுளோபின் இறங்கிக்கொண்டிருக்கிறது. திட்டமிட்ட அறுவையைச் செய்ய மனம் ஒப்பாத மருத்துவர் விலகிக்கொள்ளலாம். செய்யக்கூடிய இன்னொருவரிடம் கைமாற்றிவிட்டுத்தான் விலக வேண்டும்.

தமிழ்நாட்டில் சாட்சிகள் சிறு தொகையினர். ஆனால் அவர்களுக்காக உருவான மருத்துவம் நமக்கு அவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றுப்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை இருக்கிறது. நாடு முழுவதும் 57 விழுக்காடு. பாதிக்கு மேற்பட்ட பெண்கள் அறுவை மேசைக்கும் பிரசவ மேசைக்கும் ஏற்கெனவே குறைந்த ரத்தத்தோடு வருகிறார்கள். அங்கே கடைசி நேரத்தில் ‘ரெண்டு யூனிட் ஏற்பாடு பண்ணுங்க’ என்று உறவினரை ரத்த வங்கிக்கு ஓட விடுகிறோம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது கர்ப்பப்பை அறுவைக்கோ மூட்டு மாற்று அறுவைக்கோ தேதி குறிக்கும்போது, எந்த மதமாக இருந்தாலும், அன்றைக்கே மருத்துவரிடம் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள். 12க்குக் கீழே இருந்தால், காரணம் என்ன, அதைச் சரிசெய்த பிறகு அறுவை செய்யலாமா என்று கேளுங்கள். நான்கு வாரம் தள்ளிப்போடக்கூடிய அறுவைகள்தான் பெரும்பாலானவை.